மிகுவும் புளிமுட்டியும்

ஜூன் 9, 2024, ஞாயிறு

மாமா பையன் அவனுடைய நின்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஹாஸ்டலில் வைத்தால் படிப்பு கெட்டுவிடும் என்று அத்தையின் உத்தரவு. நான் வேலைக்குப் போகிறவள், எனக்குக் கெட ஒன்றுமில்லை போலிருக்கிறது.

உள்ளே 'ஹட்சுனே மிகு: ப்ராஜெக்ட் டிவா மெகா மிக்ஸ்' என்கிற தாள விளையாட்டு இருந்தது. மொத்தம் 101 பாட்டு. திரையில் ஏதோ ஒரு மூலையில் ஒரு குறி முளைக்கும், அதற்குள் முள் ஒன்று சுற்றும். வேறு எங்கிருந்தோ பட்டன் குறி பறந்து வந்து அதன் மேல் உட்காரும்போது அழுத்த வேண்டும். கச்சிதமாக விழுந்தால் கூல். கொஞ்சம் பிசகினால் ஃபைன், அப்புறம் சேஃப், சேட், மிஸ் என்று இறங்கிக்கொண்டே போகும். பின்னால் மிகு என்கிற கார்ட்டூன் பாடகி ஆடிக்கொண்டே இருப்பாள். ஆட்டத்தைப் பார்த்தால் பாட்டு போச்சு.

ஜூன் 12

அம்முச்சி திண்ணையிலிருந்து கேட்டது: "யாரு கண்ணு பாடறது? மூச்சே உடாம பாடறா?"

ஆளே இல்லை என்றேன். ஃபுஜிதா சகி என்கிற நடிகை அசை அசையாகப் பேசிப் பதிவு செய்ததை வைத்து, யமஹாவின் வோக்கலாய்டு மென்பொருளில் ஓடுகிற குரல் இது. சப்போரோவில் இருக்கும் க்ரிப்டன் நிறுவனம் 2007 ஆகஸ்ட் 31 அன்று விற்பனைக்கு விட்டது. சொல்லையும் சுரத்தையும் நாம் போட்டுக் கொடுத்தால் பாடிவிடும். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப காசு யாருக்குப் போகுது?" என்றது அம்முச்சி.

நியாயமான கேள்விதான். இதில் வரும் பாட்டுகளில் நிறைய, யார் யாரோ வீட்டில் உட்கார்ந்து இசையமைத்து நிகோநிகோ என்கிற ஜப்பானிய வீடியோ தளத்தில் ஏற்றியவை. கேட்டவர்கள் கொண்டாடிய பிறகுதான் இந்த விளையாட்டைச் செய்த சேகா நிறுவனம் அவற்றை விளையாட்டுக்குள் கொண்டுவந்தது. எனக்கு இந்த விளையாட்டில் பிடித்த விஷயமே அதுதான். அம்முச்சிக்கு அதெல்லாம் ஏறவில்லை. "ஆளில்லாத கச்சேரி" என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டது.

ஜூன் 18

பொள்ளாச்சி பஸ்ஸில் ஆடிப் பார்த்தேன். கோபாலபுரம் செக்போஸ்ட் வரைக்கும் பரவாயில்லை. ப்ளூடூத் இயர்போன் மட்டும் ஆகவே ஆகாது. 2021-லேயே ஸ்விட்சுக்கு ப்ளூடூத் ஒலி வந்துவிட்டது என்றாலும், சத்தம் காதுக்கு வருவதற்குள் குறி கடந்துவிடுகிறது. அமைப்பில் நேரத்தைத் தள்ளி வைக்க இடம் இருக்கிறது, ஆனால் நூறு ரூபாய் வயர் இயர்போன் இருக்கும்போது அந்தத் தலைவலி எதற்கு?

ஜூன் 23, ஞாயிறு

வாளையார் கணவாய்க் காற்று நேற்றிலிருந்து பேயாட்டம் ஆடுகிறது. தென்னையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. வெளியே தலைகாட்ட முடியவில்லை, அதனால் நாள் பூராவும் டிவாதான்.

ஹார்ட் என்கிற கடின நிலை வரைக்கும் கண்ணை நம்பி ஓட்டிவிடலாம். அதற்கு மேலான எக்ஸ்ட்ரீமில் கண் பின்தங்கிவிடுகிறது. ஒரே பட்டன் விடாமல் அடுத்தடுத்து வரும் இடங்களில் என் வலது கட்டைவிரல் மரத்தே போய்விட்டது.

பக்கத்து வீட்டுப் பையன் கேரளத்துச் செண்டை மேளம் படிக்கிறான். ஆசான் இன்னும் செண்டையைத் தொடவிடவில்லை. புளிய மரத்தில் செய்த தடித்த கோல், புளிமுட்டி என்பார்கள், அதை வைத்துக் கல்லின் மேல் அடித்துப் பழகுகிறான். சாயங்காலம் ஆனால் எங்கள் மதில் ஓரம் டக் டக் டக்தான். இன்று மழைக்கு ஒதுங்க வந்தவன் என் கையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சேச்சி எந்தினா ஒத்தக் கையில கொட்டுறீங்க? இடங்கை சும்மா இருக்கு."

அவன் சொன்ன பிறகுதான் யோசித்தேன். இந்த விளையாட்டில் வலப்பக்கம் இருக்கும் பி பட்டனும் இடப்பக்கம் இருக்கும் கீழ் அம்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஏ-வுக்கு வலது அம்பு, எக்ஸ்-க்கு மேல் அம்பு, ஒய்-க்கு இடது அம்பு. இரண்டு கட்டைவிரலும் மாறி மாறி அடித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதி வேலைதான். பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய குறிகளிலும் இது வசதி. ஒரு கை பிடித்துக்கொண்டிருக்க மற்றது மேற்கொண்டு அடிக்கலாம். நடுவில் பிடி நழுவினாலும் போனஸ் மட்டும்தான் போகும், மிஸ் ஆகாது.

அவன் மதிலில் உட்கார்ந்து தாளத்தை வாயால் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அது எப்படியோ மெல்ட் பாட்டுக்கும் பொருந்தியது.

ஜூலை 2

2009-ல் இதே நாளில்தான் முதல் ப்ராஜெக்ட் டிவா, சோனியின் கைக்கருவியான பிஎஸ்பியில் வந்தது. தொடங்கும்போதே கைக்குள் அடங்கும் விளையாட்டு. அதனால்தானோ என்னவோ, ஸ்விட்சின் இரு பக்கமும் கழன்று வரும் ஜாய்கான்களைக் கையில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்து ஆடும் மிக்ஸ் மோடு எனக்கு ஒட்டவேயில்லை. ஒரு பாட்டோடு மூடிவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

'தி டிஸப்பியரன்ஸ் ஆஃப் ஹட்சுனே மிகு' என்கிற பாட்டை எடுத்திருக்கிறேன். நிமிடத்துக்கு 240 அடி, அதாவது ஒரு அடிக்குக் கால் விநாடி. அழிக்கப்படப்போகும் மென்பொருள் கடைசியாகப் படபடவென்று கொட்டித் தீர்க்கிற மாதிரி எழுதப்பட்ட பாட்டு. குறிகள் தாளத்தை விட்டுவிட்டு மிகுவின் வாயைப் பிடித்துக்கொண்டு ஓடும் இடங்களில்தான் சிக்கல். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் என்ன, அந்தச் சொற்களை வாயால் முணுமுணுத்துக்கொண்டே அடித்தால் விரல் பின்னாலேயே வந்துவிடுகிறது. தெரியாத பாஷையில் எனக்கு இவ்வளவு மனப்பாடம் எப்போது ஆனது?

பையனிடம் காட்டினேன். வேகம் அவனை மிரட்டவில்லை. செண்டையில் வாசிக்கும் பஞ்சாரி மேளத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டான். காலம் என்பது அதன் ஒவ்வொரு கட்டம்: முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், அதாவது தாள எண்ணிக்கை, அடுத்து 48, 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு காலத்திலும் சுற்று பாதியாகச் சுருங்கும். பொறுமையாக அடித்துக் காலத்தை ஏற்றிக்கொண்டே போவதுதான் மேளமாம். "இவங்க நேரே ஆறாங்காலத்துல தொடங்கிட்டாங்க சேச்சி" என்றான். பஞ்சாரிக்கு இருப்பது ஐந்தே காலம்.

ஜூலை 14

பிராக்டீஸ் மோடில் வேகப் பகுதியைத் துண்டு துண்டாகப் போட்டு ஆடுகிறேன். முதல் பாதியை வாயில் சொல்லிவிடுகிறேன், இரண்டாவதில் நாக்கு புரள்கிறது.

பையன் கேட்டுக் கேட்டு ஒரு ஹார்ட் பாட்டை ஆடினான். அடிக்க வேண்டிய இடமெல்லாம் கூல். எல் ஆர் பட்டனால் இழுக்கும் ஸ்லைடு வந்ததும் திணறிவிட்டான். செண்டையில் இழுக்க ஏது வழி, பாவம். "இது மேளத்துல இல்லாத காரியம்" என்று கடுப்போடு ஸ்விட்சைத் திருப்பிக் கொடுத்தான்.

நான் டிஸப்பியரன்ஸ் எக்ஸ்ட்ரீமில் ஸ்டாண்டர்டு, அதாவது தேறிவிட்டதற்கான தரம், வாங்கிவிட்டேன். மாமா பையனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். தீபாவளிக்கு வரும்போது ஸ்விட்சை எடுத்துக்கொள்வதாகப் பதில் போட்டிருக்கிறான். பார்க்கலாம்.