பாடு இல்லாத நாள்

மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தால்தான் நைனாவைப் பகலில் வீட்டில் பார்க்க முடியும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. எங்கு திரும்பினாலும் வெல்டிங் சத்தம், பெயிண்ட் வாடை. நைனா வாசல்படியில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

ரெண்டு வருஷம் கழித்து, மூன்று வார லீவில் வந்திருக்கிறேன். மறுநாளே கேட்டுவிட்டார்: "அதான் டாக்டர் பட்டம் வாங்கிட்டியே, இன்னும் இன்னாத்துக்கு ஆராய்ச்சி?"

டாக்டர் பட்டத்துக்குப் பிறகு பார்க்கும் போஸ்ட்டாக் என்ற ஆராய்ச்சி வேலையை எங்கள் தெருவில் யாருக்கும் புரியவைக்க என்னால் முடிந்ததில்லை. மாணவி இல்லை, வாத்தியாரும் இல்லை. வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். "அப்போ டெம்பரரியா?" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. அவர் சொன்னதுதான் சரியான விளக்கம்.

கிளம்பும்போது எல்லோரும் குளிரைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். நான் இருக்கும் அமெரிக்க ஊரான ராச்செஸ்டரில் ஆண்டுக்கு இரண்டரை மீட்டர் அளவுக்குப் பனி கொட்டும், உண்மைதான். நல்ல கோட்டும் பூட்ஸும் வாங்கியதும் அந்தக் கவலை தீர்ந்தது. கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய பதிவு, என்று ஒன்று இருப்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அந்த ஊரில் நேற்றுப் பிறந்த குழந்தைக்குச் சமம். முதல் மாதமே நெத்திலிக் கருவாடு வறுத்து, புகை அலாரம் அலறி, துண்டை வீசி வீசி அதை அடக்கினேன். பக்கத்திலேயே ஒன்டாரியோ ஏரி. அக்கரை தெரியாது, அலைகூட உண்டு. கண்ணை மூடினால் ராயபுரம் என்று நினைத்துக்கொள்ளலாம். உப்பு வாடை இல்லாததால் மூக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாது.

வேலை, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் லேசர் எனர்ஜெட்டிக்ஸ் ஆய்வகத்தில். ஒமேகா என்ற லேசர், மொத்தம் 60 கற்றைகள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் உருண்டையை நாலாபக்கமும் ஒரே நேரத்தில் அடித்து நசுக்கும். பத்து லட்சம் வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தத்தில் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. வியாழனின் வயிற்றுக்குள்ளும் நட்சத்திரங்களுக்குள்ளும் இருப்பது அந்த மாதிரி நிலைதான்.

அம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: லேசரின் மொத்தச் சக்தி 30 கிலோஜூல், ஏறத்தாழ அரை டீஸ்பூன் சர்க்கரையில் இருக்கிற அளவு. அவர் போடும் டீயில் அதைவிட அதிகம். ஆனால் அவ்வளவையும் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் கொட்டிவிடும். அந்தக் கணத்தில் அதன் திறன், அத்திப்பட்டில் இருக்கிற வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளும் சேர்ந்து தரும் 1,830 மெகாவாட்டைப் போல 16,000 மடங்கு. "அப்புறம் ஏன் இங்க கரண்டு போவுது?" என்றார் அம்மா.

அந்த லேசரில் எங்கள் குழுவுக்குக் கிடைப்பது ஒரு நாள். மணிக்கு ஒரு ஷாட் வீதம் சுட்டு முடிக்க வேண்டும். நான் பொறுப்பேற்ற முதல் நாளில் எக்ஸ்ரே கேமராவின் தாமதக் கணக்கில் கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டேன். மூன்று நானோ நொடி பிசகு. கேமரா கண் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. படம் முழுக்கக் கறுப்பு. அடுத்த ஷாட்டும் அப்படியே. மூன்றாவதற்கு முன்னால்தான் தப்பு பிடிபட்டது.

அன்று மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு போன் போட்டேன். குளிர்காலம், இங்கே விடியற்காலை நாலு மணி. நைனா ஏலக்கூடத்தில் இருந்தார். பின்னால் விலை கூவும் சத்தம்.

"பாடு இல்லியா?" என்றார். வலையில் மீன் சிக்குவதைத்தான் பாடு என்பார்.

"ரெண்டு ஷாட் போச்சு நைனா."

"டீசல் யாரு காசு?"

"கவர்மெண்ட்டு காசு."

"அப்ப அழுவாத."

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. அதுவரை ஆராய்ச்சியும் மீன்பிடிப்பும் ஒன்று என்று லேப் நண்பர்களிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து நாள் கடலில் கிடந்து வெறும் ஐஸோடு திரும்பினால், டீசலுக்கும் ஐஸுக்கும் போன காசு நைனாவின் பங்கில் கடனாக ஏறும். எனக்கு மாதச் சம்பளம் வந்துவிடும். அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

இந்த முறை அவருக்குப் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்று. லேசரில் அடிக்க வைக்கும் உறைகுளிர் உருண்டைகளை ஒரு காலத்தில் சிலந்தி நூலில்தான் தொங்கவிட்டிருந்தார்கள் என்றேன். தைப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"மெய்யாலுமா? முடிச்சு யாரு போடுவா?"

"ஆள்தான். மைக்ராஸ்கோப்புல பார்த்து, பசை வச்சு ஒட்டுவாங்க."

"ஒட்டுறதா?" முகம் சுருங்கிவிட்டது. ஊசியை என்னிடம் நீட்டினார். நாலு கண்ணி தைத்துக் கொடுத்தேன். இழுத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுந்து உள்ளே போகும்வரை காத்திருந்து, நாலையும் அவிழ்க்க ஆரம்பித்தார்.