பார்பரம்மாள் கோயில் மணி

அம்மாவைப் பெற்ற பாட்டிக்குப் பெயர் பார்பரம்மாள். புனித பார்பராவின் பெயரை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அதனால்தான், பாரிசில் எங்களோடு இருக்க வந்த அம்மா ஈபிள் கோபுரத்தைக் கேட்கவில்லை. "இந்த நாட்டுல பார்பரம்மாளுக்குக் கோயில் இருந்தா கூட்டிட்டுப் போடா" என்று மட்டும் கேட்டார்.

இருக்கிறது. பிரான்சின் மேற்குக் கோடியில், பிரித்தானிப் பகுதியின் மோர்பியான் மாவட்டத்தில், லெ ஃபாவெட் என்னும் சிற்றூரில். கெம்பெர்லே வரை ரயில். அங்கிருந்து வாடகைக் கார்.

ஊர் நடுவே 16-ஆம் நூற்றாண்டில் மரத்தால் கட்டிய சந்தைக் கூடம் நிற்கிறது. கற்பலகைக் கூரை ஆள் தலைக்குச் சற்று மேலே வரை இறங்கியிருக்கிறது. அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முதலில் தெற்கே இருக்கும் புனித ஃபியாக்கர் கோயிலுக்குப் போனோம். ஃபியாக்கர் அயர்லாந்துத் துறவி, தோட்டக்காரர்களின் பாதுகாவலர். உள்ளே நுழைந்ததும் வாயடைத்துப் போனோம். பீடப் பகுதியையும் மக்கள் நிற்கும் இடத்தையும் பிரிக்கும் மரத்தடுப்பு, வண்ணம் தீட்டிய சரிகை வேலைபோல் நின்றது. 1480-இல் ஒலிவியே லெ லோர்கான் என்ற தச்சர் செதுக்கியது. மக்களைப் பார்த்த பக்கத்தில் ஆதாமும் ஏவாளும், மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்ல வந்த கபிரியேல் வானதூதரும். உயரே சிலுவையில் ஆண்டவர், இருபுறமும் கள்வர்கள். பின்பக்கம் போனால் பாவங்கள்! திருடுகிறவன் மரமேறிப் பழம் பறிக்கிறான். குடிகாரன் வாயிலிருந்து நரியொன்று வெளியே வருகிறது. அம்மா அதன் முன் வெகுநேரம் நின்றார். எழுத்தறியாத உழவருக்கு இதைவிடத் தெளிவாக யார் மறையுரை சொல்லிவிட முடியும்?

பார்பரம்மாள் கோயில் வேறு மாதிரி. மேட்டில் நின்றால் கோயிலே தெரியாது. எல்லே ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில், பாறை இடுக்குக்குள் பதுங்கியிருக்கிறது. வேட்டைக்கு வந்த ழான் தெ துல்போது என்ற பிரபு இங்கே இடிமழையில் அகப்பட்டாராம். உயிர் பிழைத்தால் இதே இடத்தில் கோயில் கட்டுவதாகப் பார்பரம்மாளுக்கு நேர்ந்துகொண்டாராம். 1489-இல் வேலை தொடங்கியது. சமதளம் மேலே தாராளமாக இருக்க, நேர்ந்த இடத்தை விட்டு ஓரடி நகரவில்லை. இடம் போதாமல் கோயில் நீளமாக வளர முடியாமல் குறுகி நிற்கிறது. அந்தக் குறுகலில்தான் எனக்கு விசுவாசம் தெரிந்தது.

கிறிஸ்துவை ஏற்ற மகளின் தலையைத் தந்தையே வெட்ட, அவனை இடி எரித்தது என்பது புனிதையின் வரலாறு. ஆகவே இடி மின்னலுக்கு அவளே காவல். சுரங்கத் தொழிலாளிக்கும் பீரங்கி வீரருக்கும் தீயணைப்பாளருக்கும் பாதுகாவலி. சரித்திரச் சான்று போதவில்லை என்று 1969-இல் திருச்சபையின் பொது நாட்காட்டியிலிருந்து அவள் திருநாளை எடுத்தார்கள். புனிதர் பட்டியலில் பெயர் இன்றும் உண்டு. இந்த ஊர் மக்களும் அவளை விடவில்லை. இங்கே திருவிழாவுக்கு 'பர்தோன்' என்று பெயர், பாவமன்னிப்பு என்று பொருள். கொடியும் பவனியுமாக இன்றும் நடக்கிறது.

கருங்கல் படிக்கட்டு காலை மழையில் நனைந்திருந்தது. 1700 வாக்கில் கட்டியது. அரண்மனைக்கு வைக்க வேண்டிய அகலம். "அம்மா, கையைப் பிடிச்சுக்குங்க" என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கை பதித்து, பாசியைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினார். கோயிலுக்குள் போய் முழங்காலிட்டவர் ஒரு முழுச் செபமாலை முடியும்வரை எழவில்லை.

மேலே ஏறி வந்ததும் மணி இருந்தது. சிறு கூரையின் கீழ் தனியாகத் தொங்கும் மணி. வருகிறவர்கள் விண்ணின் ஆசியை வேண்டி அதை அடிப்பது வழக்கம். நான் ஒருமுறை அடித்தேன். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தார்.

"அம்மாயி பேரைச் சொல்லி அடிக்கலாம்ல?"

"அடிங்கம்மா."

"பார்பரம்மா" என்று சத்தமாகச் சொல்லி அடித்தார். புனிதையைக் கூப்பிட்டாரா, பெற்றவளையா, எனக்குத் தெரியாது. ஓசை மரங்களின் மேலாக எல்லே ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனது. அது அடங்கும்வரை மணியின் மேலேயே கையை வைத்திருந்தார்.