கப்பல் எப்போது கிளம்பும்? ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கதை

2020 ஜனவரியில் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக ஒரு கப்பல் பயணம் பதிவு செய்தேன். சிங்கப்பூரில் கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுப் பயணம், ஜூன் பள்ளி விடுமுறையில், இரண்டு அறை, ஐந்து பேர். விமானம் ஏறினாலே அம்மாவுக்குக் காது அடைத்துக்கொள்ளும், அதனால்தான் கப்பல். முன்பணம் 1,200 சிங்கப்பூர் வெள்ளி கட்டிவிட்டு, பிள்ளைகளிடம் சொல்லி, அவர்கள் வகுப்பு முழுக்கச் சொல்லி, எல்லாம் ஆனது.

பிப்ரவரியில் கொரோனா தொற்று பரவிய டைமண்ட் பிரின்சஸ் உல்லாசக் கப்பலை ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைத்தார்கள். உள்ளே 3,711 பேர். மாலைச் செய்தியில் தினமும் தொற்றியவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், கடைசியில் 700ஐத் தாண்டியது. அம்மா டிவியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். நானும் "அது ஜப்பான்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். மார்ச் 13ஆம் தேதி சிங்கப்பூரிலேயே எல்லா உல்லாசக் கப்பல்களுக்கும் துறைமுகத்தை மூடிவிட்டார்கள். மறுநாள் அமெரிக்காவிலும் கப்பல்களை ஓட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது.

நான் பதிவு செய்திருந்த நிறுவனம் 30 நாள் மட்டும் சேவையை நிறுத்துவதாக மின்னஞ்சல் அனுப்பியது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் நடுவில் முடிந்துவிடும், நமக்கு ஜூன், பிரச்சினை இல்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மார்ச்சில் எல்லோருமே 30 நாள் கணக்கில்தான் இருந்தோம்.

உண்மையான தலைவலி மீதிப் பணம். பயணத்துக்குப் பத்து வாரம் முன்பே முழுத்தொகையும் கட்டியாக வேண்டும், எனக்கு மார்ச் 31 கடைசி நாள். கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும். கட்டினால், ஓடுமா ஓடாதா என்றே தெரியாத கப்பலுக்கு இன்னும் 2,000 வெள்ளிக்கு மேல் போய் மாட்டிக்கொள்ளும். நாமே ரத்து செய்தால் அபராதம், அவர்கள் ரத்து செய்தால் முழுப்பணமும் திரும்ப வரும். ஆக, யார் முதலில் வாயைத் திறப்பது என்ற விளையாட்டு. பயண முகவரிடம் தினமும் கெஞ்சி ஏப்ரல் 14 வரை தவணை வாங்கினேன், அப்புறம் மாதக் கடைசி வரை. அந்தப் பெண் பாவம், வீட்டிலிருந்து வேலை, பின்னால் குழந்தை அழும் சத்தத்தோடுதான் எப்போதும் பேசுவார். "அக்கா, நீங்களா கேன்சல் பண்ணாதீங்க, பொறுங்க" என்று அவர் சொன்னதுதான் அந்த ஒரு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை.

இதற்கிடையே ஏப்ரல் 7ஆம் தேதி கிருமிப் பரவல் முறியடிப்பு நடவடிக்கை தொடங்கி எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தோம். ஜூன் பள்ளி விடுமுறையை மே 5ஆம் தேதிக்கே முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது கப்பல் ஓடினாலும் பிள்ளைகளுக்குப் பள்ளி! நாங்கள் போகவே முடியாத ஒரு பயணம் ரத்தாக வேண்டும் என்று சாமி கும்பிடும் நிலைமை. ஏப்ரல் கடைசியில் ரத்து மின்னஞ்சல் வந்தது. வீட்டில் கைதட்டினோம்.

அதில் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, கட்டிய தொகையில் 125 விழுக்காட்டை அடுத்த பயணத்துக்கான வரவாக வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கட்டியதை அப்படியே பணமாக வாங்கிக்கொள்ளலாம். கால் பங்கு கூடக் கிடைக்கிறதே என்று எனக்கு ஆசை. என் கணவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அடுத்த பயணம் எப்போன்னு அதுல போட்டிருக்கா?" போடவில்லை. வரவு எப்போது காலாவதியாகும் என்பது மட்டும் தெளிவாகப் போட்டிருந்தது. பணமே கேட்டோம். படிவத்தில் ஒரு கட்டத்தைத் தட்டினால் வரவு ஐந்து நிமிடத்தில் வந்திருக்கும். பணத்துக்கு வேறு படிவம், வங்கி அட்டையின் பழைய எண், பதிவு எண், 'வேலை நாள்' கணக்கில் பதில்கள். 60 வேலை நாள் என்றார்கள், பிறகு 90 என்றார்கள். நான் ஒரு நோட்டில் தேதி, பேசியவர், சொன்ன பதில் என்று எழுதி வைத்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது முறை பேசும்போது "ஜூலை 14ஆம் தேதி உங்கள் ஆளே இப்படிச் சொன்னார்" என்று படித்துக் காட்டினால் எதிர்முனையில் குரலே மாறும். செப்டம்பர் கடைசியில் அட்டைக் கணக்கில் 1,200க்கு முன்னால் ஒரு சின்னக் கழித்தல் குறியோடு பணம் வந்தது.

நடுவில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் கணவரின் ஊர், மன்னார்குடிப் பக்கம், அங்கிருந்து வந்த ஒரு தம்பி இங்கே கட்டுமான வேலையில் இருக்கிறான். ஏப்ரலில் அவன் தங்கியிருந்த விடுதியில் தொற்று பரவி இவனுக்கும் வந்துவிட்டது. அந்தச் சமயம் குணமான வெளிநாட்டு ஊழியர்களைத் தங்கவைக்க சூப்பர்ஸ்டார் ஜெமினி, சூப்பர்ஸ்டார் அக்குவாரியஸ் என்ற இரண்டு உல்லாசக் கப்பல்களை மரினா பே கப்பல் நிலையத்தில் கட்டி வைத்திருந்தார்கள். இவன் குணமானதும் அங்கே கொண்டுபோய்விட்டார்கள். ஒருநாள் வாட்ஸப்பில் படம் வந்தது: ஒரு கட்டில், மடித்து வைத்த வெள்ளைத் துண்டு, கைப்பிடியில் முடிச்சுப் போட்ட சாப்பாட்டுப் பொட்டலம். கீழே, "அக்கா, உங்களுக்கு முன்னாடி நான் ஏறிட்டேன்." அறையை விட்டு வெளியே வர அனுமதி இல்லை என்றான். அவன் அறையில் சன்னலும் இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். அந்த ஆறு மாதமும் கப்பல் செய்தி படிப்பதே எனக்கு வேலையாக இருந்தது. அமெரிக்காவில் அந்தத் தடையை ஏப்ரலில் நீட்டித்தார்கள், ஜூலையில் நீட்டித்தார்கள், செப்டம்பர் கடைசியில் மறுபடியும். ஜூலையில் நார்வேயில் ஓட ஆரம்பித்த ஒரு கப்பலில் தொற்று பரவி நிறுத்தினார்கள். ஆகஸ்ட் நடுவில் இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து ஒரு பெரிய கப்பல் பயணிகளோடு கிளம்பியது. ஒன்று கிளம்பினால் 'ஆஹா' என்பேன், ஒன்று நின்றால் இரண்டு நாள் முகம் தொங்கிவிடும். ரொம்பத் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது: நான் இவ்வளவு நாளும் கப்பல் நிறுவனத்திடம் தேதி கேட்டுக்கொண்டிருந்தேன், அவர்களிடம் தேதியே கிடையாது. அவர்கள் அறிவிப்பதெல்லாம் அடுத்து எதுவரை ஓடாது என்பதைத்தான். திறக்கும் சாவி அரசாங்கத்திடம் இருந்தது. அதன்பிறகு நிறுவனத்தின் விளம்பர மின்னஞ்சல்களைத் திறப்பதை விட்டுவிட்டு, சுகாதார அமைச்சு, பயணத்துறைக் கழகம் இரண்டின் அறிவிப்பை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். தூக்கமும் கொஞ்சம் வந்தது.

அக்டோபர் 8ஆம் தேதி அந்த அறிவிப்பு வந்தது. நவம்பரிலிருந்து சோதனை முயற்சியாக இரண்டு கப்பல்கள் ஓடும். சிங்கப்பூரில் வசிப்பவர்கள் மட்டும், அதிகபட்சம் பாதி ஆட்கள், ஏறும் முன் பரிசோதனை, எந்த ஊரிலும் நிற்காமல் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். அம்மாவிடம் விளக்கினேன். "எங்கேயும் போகாத கப்பலுக்கு எதுக்குடி டிக்கெட்டு?" என்றார். பதில் இல்லை என்னிடம்.

அவசரப்படவில்லை. முதல் சில பயணங்கள் போய் வரட்டும், மார்ச் விடுமுறைக்குப் பார்க்கலாம் என்று இருந்தோம். டிசம்பர் 9ஆம் தேதி காலையில் போனைத் திறந்தால் குவான்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் 83 வயதுப் பயணி ஒருவருக்குத் தொற்று என்று செய்தி. கப்பல் பாதியில் திரும்பி நிற்கிறது, ஏறத்தாழ 1,700 பயணிகள் அறைக்குள். அண்ணன் உடனே போன் போட்டு, "அம்மாவைக் கூட்டிட்டுப் போகாதே, சொல்லிட்டேன்" என்றார். மறுபடியும் சோதித்ததில் அந்தப் பயணிக்குத் தொற்றே இல்லை என்று பிறகு தெரிந்தது, முதல் முடிவுதான் தவறு. எனக்கு என்னவோ பயம் குறைந்தது அன்றுதான். ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வார்கள் என்று கண்முன்னே பார்த்தாகிவிட்டது. அம்மாவோ அதற்கு மேல்: "கப்பல்ல டாக்டர் இருக்கார்ல? நம்ம புளோக்குல இருக்காரா?"

2021 மார்ச் விடுமுறைக்குப் பதிவு செய்தேன். இந்தத் தடவை விலைக்கு முன்னால் நிபந்தனைகளைப் படித்தேன். கிளம்பும் சில நாள் முன்பு வரை அபராதமில்லாமல் தேதி மாற்றலாமா, வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்தால் மற்றவர்கள் பணம் என்னாகும், பணமாகத் தருவார்களா வரவாகத் தருவார்களா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் அட்டை எண்ணைக் கொடுத்தேன்.

பரிசோதனைக்கு மூக்கில் குச்சி விட்டபோது சின்னவன் கத்திய கத்தலில் வரிசையே திரும்பிப் பார்த்தது. பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் போட்டப்போ நான் கத்தினேனா?" என்றார். முடிவு வரும் வரை காத்திருந்த அந்த நேரம்தான் மொத்த வருடத்திலும் நீளமானது. ஐந்து பேருக்கும் இல்லை என்று வந்ததும் கணவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

கப்பலைப் பற்றிச் சொல்ல அவ்வளவாக ஒன்றும் இல்லை. பஃபேயில் நாமாக எடுக்க முடியாது, கேட்டால் பரிமாறுவார்கள். போகுமிடமெல்லாம் யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தோம் என்று பதிவு செய்யும் டிரேஸ்டுகெதர் கருவி. கூட்டமில்லாத மேல்தளத்தில் அம்மா பகல் முழுக்கச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் காலையில் என் போன் மட்டும் இந்தோனேசியாவுக்கு வரவேற்றது.

மேல்தளத்திலிருந்து எடுத்த நாலு படத்தை அந்தத் தம்பிக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அனுப்பியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது, விடுதியில் இருப்பவர்களுக்கு அப்போதும் வேலை, அதைவிட்டால் பொழுதுபோக்கு நிலையம், வேறெங்கும் போக அனுமதி இல்லை. சாயங்காலம் பதில் வந்தது.

"சூப்பர்க்கா. உங்க ரூம்ல சன்னல் இருந்துச்சா?"