வாய் ஓடுகிறது, மனம் எங்கே? நான்கு மாத ஜெபக் குறிப்புகள்

எல்லாம் ஒரு தவறுதலான பதிவில் தொடங்கியது. குடும்ப ஜெபத்தில் பாடிய பாட்டைப் பதிவு செய்த அக்கா மகன், ஃபோனை நிறுத்த மறந்துவிட்டான். பாட்டுக்குப் பின்னால் நான் செய்த ஜெபமும் அதில் முழுசாக விழுந்திருந்தது. நாலு நிமிடம். சும்மா கேட்டுப் பார்த்தேன். 'ஸ்தோத்திரம்' 17 முறை. 'இந்த வேளையிலே' 9 முறை. கடைசியில் வரும் 'இயேசுவின் மூலம் ஜெபம் கேளும் நல்ல பிதாவே' எக்ஸ்பிரஸ் வேகத்தில் போய்விட்டது. அதைவிடக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. அந்த நாலு நிமிடத்தில் போன வருடம் சொல்லியிருக்க முடியாத ஒரு வார்த்தைகூட இல்லை. அன்றைக்கு என் வாழ்க்கையில் நடந்த எதுவும் அதற்குள் நுழையவே இல்லை.

சரி, இதைச் சரிசெய்ய முடியுமா பார்ப்போம் என்று ஒரு நோட்டு போட்டேன். அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரம்

விதி ஒன்றே ஒன்று: வழக்கமான சொற்கள் வேண்டாம். முதல் நாள் முழங்காலில் நின்றேன். வாய் திறந்தால் 'அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக' என்றுதான் வருகிறது. நிறுத்தினேன். அதற்கு அப்புறம் வெறும் அமைதி. மொத்த ஜெபம் 40 விநாடி இருந்திருக்கும். ஊன்றுகோலைப் பிடுங்கியபிறகுதான் கால் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிகிறது.

மத்தேயு 6:7-ஐ அன்று திறந்து பார்த்தேன். 'வீண் வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்.' அலப்பறை என்ற சொல்தான் உடனே ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து இன்னொரு பக்கமும் தெரிந்தது. 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள், 26-இலும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' வருகிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று அதே மத்தேயு எழுதுகிறார். அப்படியானால் திரும்பச் சொல்வது குற்றமில்லை. சொல்லும்போது ஆள் அங்கே இல்லாததுதான் குற்றம். என் 17 ஸ்தோத்திரங்களில் நான் எத்தனையில் இருந்தேன்?

இரண்டாம், மூன்றாம் வாரம்

இங்கே ஒரு முட்டாள்தனம் செய்தேன். விடியற்காலை நாலரைக்கு அலாரம், ஒரு மணி நேர ஜெபம் என்று முடிவெடுத்தேன். மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். நாலாம் நாள் முழங்காலிலேயே தூங்கி, கட்டிலில் நெற்றி இடித்து விழித்தேன். 'ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா' என்று இயேசு சீஷர்களைக் கேட்ட கேள்வி எனக்கே கேட்கப்பட்டதுபோல இருந்தது. வெட்கத்தோடு பத்து நிமிடத்துக்கு இறங்கினேன். எழுந்தவுடன் இல்லை; முகம் கழுவி, கொஞ்சம் நடந்துவிட்டு வந்தபிறகு.

பத்து நிமிடத்திலும் முதல் ஐந்து அலைச்சல்தான். அப்போதுதான் ஜார்ஜ் முல்லர் சொன்னது கைகொடுத்தது. பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்தவர், ஜெபத்துக்குப் பேர்போனவர். அவரே தன் குறிப்புகளில், பல வருடம் காலையில் நேராக ஜெபத்தில் உட்கார்ந்து, சில நாள் அரை மணி நேரம்வரை மனம் அலைந்தபிறகுதான் உண்மையில் ஜெபிக்கத் தொடங்கியதாக ஒத்துக்கொள்கிறார். பிறகு வரிசையை மாற்றினார்: முதலில் வேதத்தை வாசித்துத் தியானிப்பது, அதிலிருந்தே ஜெபத்துக்குள் போவது. முல்லருக்கே அப்படியென்றால் எனக்கு என்ன கௌரவம்?

ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம். மெதுவாக, உதடு அசையும் அளவுக்குச் சத்தத்தோடு வாசிப்பது. எங்கே மனம் தட்டுகிறதோ அங்கே நிறுத்தி, அந்த வரியை என் வார்த்தையில் அவரிடம் திருப்பிச் சொல்வது. மீதி சங்கீதம் முடியாவிட்டாலும் பரவாயில்லை. சத்தமே வராமல் உதடு மட்டும் அசைய ஜெபித்த அன்னாளை ஆசாரியர் ஏலி குடிவெறி என்று நினைத்தார். என் வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை, 'யாரோடு பேசிக்கிட்டிருக்கீங்க' என்று ஒரு குரல் மட்டும் வந்தது. நல்ல கேள்விதான்.

13-ஆம் சங்கீதத்தில் மூன்று நாள் நின்றேன். முதல் இரண்டு வசனங்களிலேயே நான்கு முறை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறார் தாவீது. கடவுளிடம் இப்படிப் பேசலாமா என்று இருந்தது. பேசலாம் என்று வேதப்புத்தகத்துக்குள்ளேயே அச்சடித்து வைத்திருக்கிறார்களே! என் ஜெபங்களில் 'எதுவரைக்கும்' ஒரு தடவையும் வந்ததில்லை. புகாரை வெளியே விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றுவதுபோல, உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

நான்காம் வாரம்: அலைகிற மனம்

பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டேன். ஜெபத்தின் நடுவே என்ன நினைவு வந்தாலும் ஒரு சொல்லில் எழுதிவிட்டுத் திரும்புவது. முதல் நான்கு நாள் அது வேலைப் பட்டியலாகத்தான் தெரிந்தது. மின்கட்டணம், பதில் போடாத மெயில், வண்டி சர்வீஸ்.

வார இறுதியில் காகிதங்களை அடுக்கிப் பார்த்தபோது ஒரு பெயர் ஐந்து நாளிலும் இருந்தது. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிறவர். அவர்மேல் எனக்கு ஒரு பழைய கோபம். நான் 'உலக சமாதானத்துக்காக' ஜெபித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் மனம் அந்த ஆளிடம் போய்ப் போய்த் திரும்பியிருக்கிறது. மனம் அலைகிறது என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். அது வேறெங்கும் அலையவில்லை. ஜெபிக்கவேண்டிய இடத்துக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. நான்தான் இழுத்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன்.

ஐந்து முதல் எட்டு வரை: பரமண்டல ஜெபம், நாளுக்கு ஒரு வரி

திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்கு முடிதிருத்துகிற பேதுரு என்பவர், எப்படி ஜெபிப்பது என்று அவரிடம் கேட்டார். அதற்குப் பதிலாக லூத்தர் 1535-இல் ஒரு சிறு நூலே எழுதினார். நல்ல முடிதிருத்துநர் கத்தியிலும் முடியிலும் கண்ணை வைத்திருப்பார். பேச்சு சுவாரசியத்தில் கவனம் சிதறினால் வாடிக்கையாளரின் மூக்கோ கழுத்தோ போய்விடும். ஜெபத்துக்கும் அதே கவனம் வேண்டும் என்று அந்த மனிதரின் தொழிலிலிருந்தே உதாரணம் எடுத்துச் சொல்கிறார். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக நிறுத்தி, விரித்து ஜெபிக்கச் சொல்வது அவர் காட்டும் வழி. சிறுவயதிலிருந்து நான் அதை முப்பது விநாடியில் முடித்தே பழகியவன்.

முதல் நாள் 'பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே'. அந்த 'எங்கள்' என்னைப் பிடித்துக்கொண்டது. தமிழில் 'நம்' வேறு, 'எங்கள்' வேறு. கேட்கிறவரையும் சேர்த்தால் 'நம்'. அவரை எதிரே வைத்து, இந்தப் பக்கம் நிற்கிறவர்களை மட்டும் சொன்னால் 'எங்கள்'. அப்படியானால் என் பக்கத்தில் நிற்கிறது யார்? முழு ஜெபத்திலும் 'என்' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். 'ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்கிற வரியில் 'இன்று'தான் நிறுத்தியது. நான் வழக்கமாகக் கேட்பது அடுத்த பத்து வருடத்துக்கு.

அப்புறம் ஐந்தாவது விண்ணப்பம். 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல.' அட்டவணைப்படி ஒரு நாளில் முடியவேண்டியது. ஒன்பது நாள் ஆனது. காரணம் காகிதத்தில் இருந்த அந்தப் பெயர். இயேசு இந்த ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்த கையோடு, வேறு எந்த வரிக்கும் இல்லாத விளக்கத்தை இந்த ஒன்றுக்கு மட்டும் தருகிறார், அடுத்த இரண்டு வசனங்களில். தப்பிக்க வழியில்லாமல் கதவைச் சாத்திவிட்டார்.

முதல் மூன்று நாள் 'போல' என்கிற சொல்லைத் தாண்டமுடியவில்லை. நான் மன்னிக்கிற அளவில் எனக்கு மன்னிப்பு என்றால் என் கணக்கு என்ன ஆவது? நான்காம் நாள் அவர் பெயரை மட்டும் சொன்னேன், வேறொன்றும் சொல்லாமல். ஐந்தாம் நாள், 'இவரை எனக்குப் பிடிக்கவில்லை, உமக்குத் தெரியும்' என்றேன். ஏழாம் நாள்தான் அவர் வீட்டில் படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பற்றி எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அந்த அம்மாவுக்காக ஜெபிக்க முடிந்தது. மகனுக்காக ஜெபிக்க முடியவில்லை, அம்மா வழியாகச் சுற்றிப் போனேன். இன்றைக்கும் அவரை முழுசாக மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியாது. லிஃப்டில் பார்த்தால் படிக்கட்டுக்குத் திரும்பாமல் நிற்கிறேன். அவ்வளவுதான் நடந்தது.

ஒன்பதாம் வாரம்: அக்காவின் ஃபோன்

"டேய், ஸ்கேன் ரிசல்ட் நல்லபடியா வந்துடுச்சு. நீ ஜெபம் பண்றேன்னு சொன்னதுதான்டா எனக்குத் தைரியமா இருந்துச்சு."

நான் ஒரு தடவைகூட ஜெபிக்கவில்லை. 'உனக்காக ஜெபிக்கிறேன்' என்பது என் வாயில் 'உடம்பைப் பார்த்துக்கோ' என்பதற்குச் சமமாகியிருந்தது. அக்காவிடம் உண்மையைச் சொல்ல இரண்டு நாள் ஆனது. "சரி விடு, இனிமே பண்ணு" என்றாள். அக்காக்கள் அப்படித்தான்.

அன்றிலிருந்து, யாராவது கேட்டால் அங்கேயே, அப்போதே. நெகேமியா 2:4-இல் ராஜா 'நீ கேட்கிற காரியம் என்ன' என்கிறார். நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிட்டு ராஜாவுக்குப் பதில் சொல்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எத்தனை விநாடி கிடைத்திருக்கும்? அவ்வளவு போதும். ஃபோனிலேயே "இப்பவே ஒரு நிமிஷம் ஜெபிக்கலாமா" என்று கேட்பது முதலில் கூச்சமாக இருந்தது. இதுவரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டாவது, ஆளுக்கு ஒரு சின்ன அட்டை. நாளுக்கு நான்கு பேர், வாரத்தில் எல்லோரும் ஒரு சுற்று. முதலில் நோட்டில் தேதி, விண்ணப்பம், பதில் என்று மூன்று கட்டம் போட்டேன். மூன்றே வாரத்தில் அது வரவுசெலவுக் கணக்கு ஆகிவிட்டது. டிக் விழாத பெயர்களைப் பார்க்கவே எரிச்சல். பதில்களை எழுதிவைப்பது பலருக்கு உதவுகிறது, எனக்கு ஒத்துவரவில்லை. இப்போது அட்டையில் பெயரும் ஒரு வரியும் மட்டும்.

என்ன கேட்பது என்றே தெரியாதவர்களுக்குப் பவுலைக் கடன் வாங்குகிறேன். பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதும்போது, அவர்கள் அன்பு அறிவிலும் எல்லா உணர்விலும் பெருகவேண்டும் என்று ஜெபிக்கிறார். வேலை, வீடு, உடம்பு எதுவும் அந்த வரியில் இல்லை. என் அட்டைகளில் அவை மட்டும்தான் இருந்தன.

பத்து, பதினொன்று

இரவில் அன்றைய நாளைப் பின்னோக்கிப் பார்க்கும் முறையைக் கத்தோலிக்க நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். 16-ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் ஐந்து படியாக வகுத்தது: நன்றி, தன்னைக் காண ஒளி கேட்பது, அன்றைய பொழுதை அலசுவது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். படுக்கையில் செய்தால் இரண்டாம் படியில் தூக்கம். வேலை முடிந்து திரும்பும் வழியில் வைத்துக்கொண்டேன், ஓடுகிறது.

முழங்கால் வலிக்கு நாற்காலி. நடந்துகொண்டும் ஜெபித்துப் பார்த்தேன். நன்றி சொல்ல நடை நன்றாக இருக்கிறது, பாவ அறிக்கைக்கு உட்காரத்தான் வேண்டியிருக்கிறது. ஏனென்று தெரியவில்லை.

பதின்மூன்றாம் வாரம்

செவ்வாய்க்கிழமை அட்டையில் இருந்த நண்பரின் அப்பா இறந்துபோனார். ஐந்து வாரம், வாரம் தவறாமல், பெயர் சொல்லிக் கேட்டிருந்தேன். முன்பானால் 'கர்த்தருடைய சித்தம்' என்று ஒரு வாக்கியத்தில் மூடியிருப்பேன். இந்த முறை முடியவில்லை. அந்த வாரம் 88-ஆம் சங்கீதத்தை மட்டும் வாசித்தேன். மற்ற புலம்பல்களில் பெரும்பாலானவை கடைசியில் கொஞ்சமாவது வெளிச்சத்துக்குத் திரும்பும்; இது இருளிலேயே முடிகிறது. நான்கு நாள் என்னிடம் சொந்த வார்த்தையே இல்லை. ரோமர் 8:26 சொல்லும் 'வாக்குக்கடங்காத பெருமூச்சு'களை ஆவியானவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். முதல் வாரத்து அமைதி பயமாக இருந்தது, இது அப்படி இல்லை.

அட்டையைக் கிழிக்கவில்லை. பெயரை அடித்து, கீழே நண்பரின் அம்மா பெயரை எழுதினேன்.

பதினாறாம் வாரம்

நேற்று மறுபடியும் குடும்ப ஜெபம். என் முறை வந்தது. இரண்டு ஸ்தோத்திரம் வந்தது, இரண்டையும் நினைத்துத்தான் சொன்னேன். அக்காவின் மறுபரிசோதனை, மாமாவோடு அவளுக்கு நடந்த சின்னச் சண்டை (அவள் அனுமதியோடு), அக்கா மகனின் கணக்குப் பரீட்சை. கண்ணைத் திறந்தால் அவன் எனக்கு முன்பே திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, அதுக்குள்ள முடிச்சிட்டீங்க?"