0.85 மணி என்றால் 85 நிமிடமா?

நேற்று ராத்திரி மும்பை மாட்டுங்கா வீட்டில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். 1853-இல் நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிய போரிபந்தர்–தாணே தடம், சுமார் 34 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் எவ்வளவு நேரம்?

34-ஐ 40-ஆல் வகுத்து 0.85 என்றாள். சரி. அப்புறம், "85 நிமிஷம்ப்பா!" 40 கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரம்தானே, 34-க்கு எப்படிக் கூடும்?

எண்ணோடு அலகையும் எழுதச் சொன்னேன். கிலோமீட்டரும் கிலோமீட்டரும் அடிபட்டுப்போய் மணி மட்டும் மிஞ்சியது. 60-ஆல் பெருக்கினாள்: 51 நிமிடம். அவள் முகத்தைப் பார்க்கணுமே!

சமன்பாட்டில் "15 நிமிடம் தாமதம்" என்று வரும்போதும் இதே கதைதான். வேகம் மணிக்கணக்கில் இருந்தால் அங்கே 15 கூடாது, 1/4 போடணும். பிள்ளைகள் அதிகம் வழுக்குவது இங்கேதான்.