கான்ஜூரிங் கடைசி படம்: பேய்க்கு வேலை கம்மி, கல்யாணத்துக்கு வேலை ஜாஸ்தி

முதல்லயே சொல்லிடறேன், படம் இன்னும் பாக்காதவங்க இதைப் படிக்க வேணாம், கதையை முழுசா போட்டு உடைக்கப் போறேன். 'தி கான்ஜூரிங்: லாஸ்ட் ரைட்ஸ்' 2025 செப்டம்பர் 5 ரிலீஸ் ஆச்சு, பேய் புடிச்ச வீடுகளுக்குப் போய் விசாரிக்கற எட் வாரன் லொரைன் வாரன்ங்கற புருசன் பொண்டாட்டி ஜோடிக்கு இதான் கடைசின்னு சொல்லித்தான் டிக்கெட்டே வித்தாங்க, நானும் அதுக்குத்தான் போனேன். பயந்தேனான்னு கேட்டா ஒரு ரெண்டு மூணு எடத்துல. அழுதேனான்னு கேட்டா, ம்ம்ம், பக்கத்துல உக்காந்திருந்த சித்தி பையன்கிட்ட கேக்காதீங்க.

இந்த சீரிஸ் மேல எனக்கு ஏன் இவ்ளோ பாசம்னா 2013ல வந்த அந்த முதல் படம்தான். ஜேம்ஸ் வான் எடுத்தது. ரத்தம் கொட்டாது, கை கால் வெட்ட மாட்டாங்க, கெட்ட வார்த்தை கூட பெருசா கெடையாது, ஆனாலும் அமெரிக்காவுல அதுக்கு ஆர் ரேட்டிங், அதாவது 17 வயசுக்குக் கீழ உள்ளவங்க பெரியவங்க கூடத்தான் வரணும்ங்கற சர்டிபிகேட் குடுத்தாங்க, சும்மா பயமா இருக்குங்கற ஒரே காரணத்துக்காக. அந்த கைதட்டல் சீன் ஞாபகம் இருக்கா? அம்மாக்காரி நிலவறைப் படிக்கட்டுல உக்காந்து தீக்குச்சி கொளுத்துவா, சுத்தி இருட்டு, ஒண்ணுமே நடக்காது, நடக்காது, நடக்காது, நமக்கே மூச்சு முட்டும், அப்ப அவ மூஞ்சிக்குப் பக்கத்துல ரெண்டு கை மட்டும் வந்து தட்டும். அவ்ளோதான். கிராபிக்ஸ் எதுவும் வேண்டியிருக்கல, எவ்ளோ நேரம் நம்மள காக்க வைக்கணும்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ரெண்டாவது படம் 2016, லண்டன் என்ஃபீல்டுல நடக்கறது, அதுலயும் அந்த கன்னியாஸ்திரி ஓவியம் வர்ற சீன் அதே மாதிரிதான். அதே படத்துலதான் எட் கிடாரை எடுத்து அந்தப் புள்ளைங்களுக்கு எல்விஸ் பாட்டு பாடிக் காட்டுவாரு, பேய்ப் படத்துக்கு நடுவுல இப்படி ஒரு சீன் வைக்கறதுக்கு தைரியம் வேணும்.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். முதல் படத்துல வந்த அன்னபெல்ங்கற பேய்ப் பொம்மைக்கு தனிப் படம், கன்னியாஸ்திரிக்கு தனிப் படம், பொம்மை எப்படி பொறந்துச்சுன்னு ஒரு படம், பொம்மை வீட்டுக்கு வந்தா என்ன ஆகும்னு ஒரு படம். எட் லொரைன் மெயினா வர்ற மூணாவது படம் 2021ல வந்துச்சு, அதுல கோர்ட்டு கேஸு சூனியம்னு கதை எங்கயோ போயிடுச்சு. அதை எடுத்த மைக்கேல் சாவ்ஸ்தான் இந்தக் கடைசிப் படத்தையும் எடுத்திருக்காரு, வான் தயாரிப்போட நிறுத்திக்கிட்டாரு. ஆள் மோசமான டைரக்டர்னு சொல்ல மாட்டேன், ஆனா காக்க வைக்கற பொறுமை அவருக்கு இல்ல. டமால்னு சவுண்டு விட்டு எழுப்பிடறாரு. எங்க சித்தி பையன் பேய்ப் படத்துக்குப் போனா கண்ணை மூட மாட்டான், காதைப் பொத்திக்குவான், "சவுண்டு இல்லன்னா இதெல்லாம் வெறும் மேக்கப்புண்ணா"ம்பான். வான் படத்துல அந்த டெக்னிக் வேலைக்கு ஆகாது, ஏன்னா பயமே அந்த அமைதிலதான் இருக்கும். இந்தப் படத்துல முக்காவாசி வேலைக்கு ஆச்சு.

தியேட்டர் பத்தி கொஞ்சம் சொல்லணும். நாங்க போனது இங்கிலீஷ் ஷோ, தமிழ் டப்பிங்ல பேய் பேசினா எனக்கு சிரிப்பு வந்துடும், அதனால. ஆனா கூட்டம் சுத்தமான தமிழ்க் கூட்டம். ஒரு பொண்ணு மாடிக்கு தனியா ஏறுனா போதும், "ஏய் போகாதடி, சொன்னா கேளு"ன்னு பின்னாடி வரிசையில ஒரு அக்கா நிஜமாவே திட்டறாங்க. ஒருத்தன் சும்மா இருக்கறப்ப "பே"ன்னு கத்துவான், மொத்த தியேட்டரும் கத்தும், அப்புறம் மொத்த தியேட்டரும் சிரிக்கும். இதெல்லாம் எரிச்சலா இருக்கும்னு சிலர் சொல்லுவாங்க, எனக்குப் புடிக்கும், பேய்ப் படத்தை கூட்டமாத்தான் பாக்கணும். எரிச்சல் எதுல வந்துச்சுன்னா இண்டர்வெல்ல. இடைவேளையே இல்லாம எடுத்த 2 மணி 15 நிமிஷப் படத்தை பாதியில நறுக்கி பாப்கார்ன் வாங்க அனுப்பிட்டா, கஷ்டப்பட்டு ஏத்தி வச்ச பயம் அத்தனையும் அந்த ட்யூப்லைட் வெளிச்சத்துல இறங்கிடுது.

சரி கதை. 1964ல ஆரம்பிக்குது. லொரைன் நெறமாச கர்ப்பிணி, ஒரு பழைய கண்ணாடியைத் தொடறாங்க, பிரசவ வலி வந்துடுது, ஆஸ்பத்திரில கரண்ட் போயிடுது, குழந்தை உசிரில்லாமப் பொறக்குது. லொரைன் குழந்தையை கையில வச்சுகிட்டு விடாம ஜெபம் பண்றாங்க, குழந்தை அழுவுது. அதான் ஜூடி. இந்த ஆரம்பம் அருமை, படத்துலயே டாப்பு. அப்படியே 1986க்கு வந்துடறோம். எட் வாரனுக்கு ஹார்ட் பிரச்சினை, டாக்டர் கவனமா இருக்கச் சொல்லியாச்சு, பேயோட்டற வேலையை நிறுத்தியாச்சு, காலேஜ்ல லெக்சர் குடுத்துட்டு இருக்காங்க, அங்கயும் கூட்டம் இல்ல, கேக்க வந்த கொஞ்சம் பசங்களும் கோஸ்ட்பஸ்டர்ஸ்ங்கற பேய் காமெடிப் படத்து பேரைச் சொல்லி கிண்டல் பண்றாங்க. அந்த அவமானத்தை எட்டா நடிச்ச பேட்ரிக் வில்சன் மூஞ்சில காட்டற விதம் இருக்கே, ஒரு காலத்துல ஊரே கூப்ட்ட மனுசனை இப்ப யாரும் கூப்பிடலன்னா எப்படி இருக்கும்னு. இதை வச்சே ஒரு படம் எடுத்திருக்கலாம்.

ஜூடிக்கு இப்ப கல்யாண வயசு, அம்மா மாதிரியே கண்ணுக்கு ஏதேதோ தெரியுது, டோனின்னு ஒரு பையனை லவ் பண்றா. இன்னொரு பக்கம் பென்சில்வேனியாவுல ஸ்மர்ல் குடும்பம், அப்பா அம்மா நாலு பொண்ணுங்க தாத்தா பாட்டி. அதுல ஒரு பொண்ணுக்கு உறுதிபூசுதலுக்கு (சர்ச்சுல நடக்கற ஒரு சடங்கு) பரிசா அந்தக் கண்ணாடி வருது, அதோட வெனையும் வருது.

இங்கதான் எனக்கு பெரிய வருத்தம். இந்த ஸ்மர்ல் குடும்பம் நிஜத்துல இருந்தவங்க. 1972ல ஆக்னஸ் புயல் வெள்ளத்துல பழைய வீடு போச்சு, அப்புறம் வெஸ்ட் பிட்ஸ்டன்ங்கற ஊர்ல ஒரு ரெட்டை வீட்டை வாங்கி ஒரு பாதியில தாத்தா பாட்டி, இன்னொரு பாதியில இவங்கன்னு குடியிருந்தாங்க. பேய்ப் படம் பாக்கறப்ப எல்லாரும் கேப்பாங்கல்ல, வீட்டை காலி பண்ணிட்டுப் போய்த்தொலைய வேண்டியதுதானன்னு, இவங்க கதையில அதுக்கு பதில் இருக்கு, ஏற்கனவே ஒரு வீட்டை தண்ணிக்கு குடுத்துட்டு வந்தவங்க, இன்னொரு வீட்டை பேய்க்கு குடுத்துட்டு எங்க போவாங்க? 1986ல விஷயம் வெளிய வந்ததும் வீட்டு வாசல்ல பத்திரிகைக்காரங்களும் வேடிக்கை பாக்கறவங்களும் கூட்டம் கூட்டமா வந்து நின்னாங்க, உள்ள பேய் வெளிய டிவி கேமரான்னு அந்த மனுசங்க இருந்திருக்காங்க. எவ்ளோ பெரிய கதை இது! படத்துல இதுக்கெல்லாம் நேரமே இல்ல. எட் லொரைன் அந்த வீட்டு வாசலை மிதிக்கறதே படம் முக்காவாசி ஓடினதுக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் ஸ்மர்ல் வீட்டை கொஞ்சம் காட்டறாங்க, ஒரு பயமுறுத்தல், உடனே வாரன் வீட்டுல பர்த்டே பார்ட்டி, எட்டும் டோனியும் டேபிள் டென்னிஸ், மறுபடி ஒரு பயமுறுத்தல். அந்த நாலு பொண்ணுங்க பேரு கூட எனக்கு மனசுல நிக்கல. முதல் படத்துல பெரோன் வீட்டு அஞ்சு பொண்ணுங்களையும் எனக்கு இன்னைக்கும் தனித்தனியாத் தெரியும்.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, நான் பாத்துட்டு வந்து ரொம்ப நேரம் யோசிச்சது இதைத்தான். நிஜ எட் வாரன் இறந்தது 2006ல. லொரைன் அம்மா 2019 வரைக்கும் இருந்தாங்க, முதல் படத்துல லெக்சர் சீன்ல கூட்டத்தோட கூட்டமா ஒரு செகண்ட் வந்துட்டும் போவாங்க. ஜூடியும் டோனியும் நிஜத்துல கல்யாணம் பண்ணிகிட்டவங்க. அப்ப 1986ல நடக்கற கதையில இவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு ரசிகன் எல்லாருக்கும் தெரியும். எட் நெஞ்சைப் புடிக்கறப்ப பின்னணி இசை என்னதான் கதறுனாலும் நமக்கு பதறல. பயத்தை யார் மேல வைக்கணுமோ அவங்க மேல வைக்கல, ஸ்மர்ல் வீட்டுல யாருக்கு என்ன ஆகும்னு நமக்குத் தெரியாது, அங்க வச்சிருந்தா சீட்டு நுனிக்கு வந்திருப்போம்.

படத்துல செத்துப் போற முக்கியமான ஆளு ஃபாதர் கார்டன்தான், முதல் படத்துலேர்ந்து வர்றவரு. அந்த வீட்டைப் பாத்துட்டு வந்து மேலிடத்துல சொல்லப் போறாரு, அங்கயே அந்தப் பேய் அவரைத் தூக்குல தொங்க விட்டுடுது. தியேட்டர்ல சத்தமே இல்ல அப்ப. பாருங்க, இவருக்கு என்ன வேணா ஆகலாம்ங்கறதால பயந்தோம்.

பாராட்டணும்னா கல்யாண டிரெஸ் கடை சீனை பாராட்டணும். ஜூடி வெள்ளை கவுனைப் போட்டுகிட்டு நிக்கிறா, சுத்தி கண்ணாடி, கண்ணாடிக்குள்ள கண்ணாடி, ஒரே பொண்ணு வரிசையா நூறு பேரா தெரியறா. நம்ம கண்ணு தானாவே ஒவ்வொரு பிம்பமா எண்ண ஆரம்பிக்குது, ஏதாவது ஒண்ணு வேற மாதிரி இருக்குமோன்னு. இருக்கு. அதைக் கேமரா சுட்டிக் காட்டல, நாமளா கண்டுபிடிக்கணும், பக்கத்துல இருந்தவன் என் கையைப் புடிச்சு "அண்ணா அங்க பாரு"ன்னதுக்கு அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. ஜூடியா வர்றது மியா டாம்லின்சன்னு புதுப் பொண்ணு, பயத்தை அடக்கறதுக்கு சின்ன வயசுல அம்மா சொல்லிக் குடுத்த பாட்டை முணுமுணுத்துகிட்டே நடிச்சிருக்கா பாருங்க, பிரமாதம். இதே மாதிரி இன்னும் நாலு சீன் வச்சிருந்தா நான் இவ்ளோ புலம்பியிருக்க மாட்டேன். அதை விட்டுட்டு அன்னபெல் பொம்மையை ராட்சச சைஸுக்கு காட்டறாங்க, தியேட்டரே சிரிச்சுது, திருவிழா கட்டவுட்டு மாதிரி இருந்துச்சு.

கிளைமாக்ஸ் வழக்கம் போல மாடி அறை, கத்தல், ஜெபம், பறக்கற சாமான். பேய் ஜூடிக்குள்ள புகுந்துடுது. இத்தன வருசமா கண்ணை மூடிக்க, பாக்காதன்னு பொண்ணுக்கு சொல்லிக் குடுத்த லொரைன் இப்ப கண்ணைத் திறந்து பாருன்னு சொல்லணும், அப்பா அம்மா பொண்ணு மூணு பேரும் சேந்து அந்தக் கண்ணாடியை அடக்கணும். எழுதறப்ப நல்லாத்தான் இருக்கு, திரையில கொஞ்சம் அவசரமா முடிச்சுட்டாங்க.

அப்புறம் கல்யாணம். இங்க என்னால முடியல. சர்ச்சுல உக்காந்திருக்கறது யாருன்னு பாத்தா முதல் படத்து பெரோன் அம்மா, ரெண்டாவது படத்து என்ஃபீல்டு ஹாட்ஜ்சன் அம்மாவும் பொண்ணும், மூணாவது படத்துல பேய் புடிச்ச அந்தப் பையன், எல்லாரும் வந்திருக்காங்க. ஜேம்ஸ் வான் கூட ஒரு மூலையில இருக்காரு. இவங்க காப்பாத்துன சனங்க இவங்க வீட்டு விசேஷத்துக்கு மொய் வைக்க வந்த மாதிரி! விசில் பறந்துச்சு. நம்ம ஊர்ல 'அரண்மனை', 'காஞ்சனா'ன்னு பேய் சீரிஸ் ஓடுது, ஆனா ஒவ்வொரு பார்ட்லயும் புதுக் கதை, போன பார்ட்ல தப்பிச்சவங்க என்ன ஆனாங்கன்னு யாரும் கேக்கறதில்ல. இவங்க கேட்டிருக்காங்க, அதுக்கு ஒரு சலாம். கடைசியில லொரைன் எட் கூட ஆடிகிட்டே தங்களோட வயசான காலத்தை முன்கூட்டியே பாக்கறாங்க, பேரப்புள்ளைங்களோட. லொரைனா நடிச்ச வெரா ஃபார்மிகா ஒரு சின்ன சிரிப்பு சிரிப்பாங்க. அவ்ளோதான், நான் அவுட்டு.

நிஜ வாரன் தம்பதி பத்தி ரெண்டு வார்த்தை. அவங்க சொன்ன கேஸுகளை நம்பாதவங்க அப்பவே நெறைய பேரு இருந்தாங்க, ஸ்மர்ல் கேஸையும் சேத்துத்தான். நிஜ அன்னபெல் பொம்மை கூட படத்துல வர்ற மாதிரி கொடூரமா இருக்காது, ராகெடி ஆன்னு சொல்ற செவப்பு நூல் முடி வச்ச துணிப் பொம்மை, பாத்தா பாவமா இருக்கும். உண்மைக் கதைன்னு போஸ்டர்ல போடறதை நான் எப்பவுமே விளம்பரமாத்தான் எடுத்துக்குவேன். படத்துல வர்ற எட் லொரைன் வேற ஆளுங்க, எழுத்தாளர்களும் ரெண்டு நல்ல நடிகர்களும் சேந்து உண்டாக்குன ஜோடி, எனக்கு அவங்களைத்தான் புடிக்கும்.

வசூல் பத்தி பேசாம இருக்க முடியாது. 5.5 கோடி டாலர்ல எடுத்து உலகம் முழுக்க கிட்டத்தட்ட 50 கோடி டாலர் வந்திருக்கு, இந்த சீரிஸ்லயே இதான் ஜாஸ்தி. முதல் படம் 2 கோடியில எடுத்து 30 கோடிக்கு மேல போச்சு. இவ்ளோ துட்டு வர்ற மாட்டை யாராவது கட்டிப் போடுவாங்களா, அதான் எட் லொரைன் சின்ன வயசு கதையை எடுக்கப் போறாங்கன்னு செய்தி வந்துடுச்சு. வேற நடிகர்களை வச்சுத்தான் எடுத்தாகணும். எனக்கு அதுல ஒரே ஒரு வேண்டுதல்தான், அந்த வீட்டுல குடியிருக்கற குடும்பத்துக்கு ஒரு மணி நேரம் குடுங்கய்யா, பேயை அப்புறம் பாத்துக்கலாம்.