விமான வரைபடத்தைப் பூமி உருண்டைமேல் ஒட்டிப் பார்த்தேன்

"இந்த நீலக் கோடு தரையில் இருக்கிறதா, வானத்தில் இருக்கிறதா மாமா?" அக்காள் மகளின் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய் மூன்று வாரம் கரைந்துவிட்டது.

அவள் காட்டியது, அமெரிக்க விமானிகள் கண்ணால் பார்த்துப் பறக்கும்போது பயன்படுத்தும் செக்‌ஷனல் வரைபடம். அந்நாட்டின் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ இதை வெளியிடுகிறது. தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 5 கிலோமீட்டர். 56 நாளுக்கு ஒரு முறை புதிய பதிப்பு வரும். பூமியில் தன் இடம் எது என்ற விவரமும் பொதிந்த படக் கோப்பான ஜியோடிஃப் வடிவில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். சான் ஃபிரான்சிஸ்கோ தாளை எடுத்துக்கொண்டேன். விரிகுடா, சமவெளி, சியேரா நெவாடா மலைத்தொடர் மூன்றும் ஒரே தாளில் அகப்படுகின்றன என்பதுதான் காரணம். கற்றுக்கொள்ள மட்டுமே இந்த விளையாட்டு; இதை வைத்துக்கொண்டு யாரும் பறக்கக் கூடாது.

முதல் முயற்சி சோம்பேறித்தனமானது. கோப்பைச் சாதாரணப் படமாக மாற்றி, பூமி உருண்டையைக் கணினியில் காட்டும் கூகுள் எர்த் புரோவில் பட மேலடுக்காகச் சேர்த்து, நான்கு எல்லைகளுக்கும் அட்ச, தீர்க்க அளவுகளைத் தட்டச்சு செய்தேன். மூலைகள் கச்சிதமாகப் பொருந்தின. பெருமையோடு நடுவில் இருக்கும் சாக்ரமென்டோவுக்குப் போனால், வரைபடத்தின் விமான நிலையம் உண்மையான ஓடுபாதைக்குத் தெற்கே பல கிலோமீட்டர் தள்ளி வயலில் கிடந்தது. மேலடுக்கின் ஒளிபுகும் தன்மையைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். கிழக்கு, மேற்கு ஓரங்களில் பிழை குறைவு, நடுவில்தான் அதிகம்.

தப்பு வரைபடத்தில் இல்லை, என்னிடம். செக்‌ஷனல் வரைபடம் லாம்பர்ட் கூம்புக் கோட்டுச்சட்டத்தில் வரையப்படுகிறது. 1772-இல் யோஹான் ஹைன்ரிஷ் லாம்பர்ட் முன்வைத்த முறை இது. பூமிக்கு ஒரு கூம்புத் தொப்பி போட்டு, அதை வெட்டி விரித்ததாக நினைத்துக்கொள்ளலாம். இந்தத் தாளில் அந்தக் கூம்பு 33 பாகை 20 கலை, 38 பாகை 40 கலை ஆகிய இரண்டு அட்சக்கோடுகளில் பூமியை வெட்டிச் செல்கிறது. இதனால் தாளில் அட்சக்கோடுகள் நேராக ஓடுவதில்லை. நடுவில் சற்றுத் தொய்ந்த கயிறு போல வளைகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏழு பாகை அகலத் தாளில் அந்தத் தொய்வு ஐந்தரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், தாளில் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி. கண்ணுக்கு நேர்கோடாகவே தெரியும் வளைவு அது. நானோ செவ்வகம் என்று நினைத்து இழுத்து ஒட்டிவிட்டேன்.

வளைவுக்குக் கைம்மாறாகக் கிடைப்பதும் உண்டு. இந்தத் தாளில் அளவுகோல் வைத்து இழுத்த நேர்கோடு, உருண்டையின் மிகக் குறுகிய பாதைக்கு மிக நெருக்கமாக வரும். கூகுள் எர்த் அளவுகோலால் இரண்டு ஊர்களை இணைத்தால், தாளில் கோடு கடந்த அதே ஊர்களையே அதுவும் கடக்கிறது.

இரண்டாம் வாரம், வரைபடக் கோப்புகளை வடிவம் மாற்றித் தரும் ஜிடால் மென்பொருள் கருவிகளிடம் சரணடைந்தேன். படத்தை அட்ச, தீர்க்க அமைப்புக்கு மாற்றும் கட்டளை ஒரே வரிதான். ஆனால் வந்த படத்தில் மலைகளின் விளிம்பெல்லாம் ஊதாவும் பச்சையுமாகப் பொறி பறந்தது. ஜியோடிஃப் கோப்பில் ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது நிறம் அல்ல, நிறப்பட்டியலின் வரிசை எண். 12-ஆம் எண்ணுக்கும் 40-ஆம் எண்ணுக்கும் சராசரி எடுத்தால் 26. அந்த எண்ணில் என்ன நிறம் இருக்கும் என்பது அதிர்ஷ்டம். முதலில் உண்மையான நிறங்களாக விரித்துவிட்டு, பிறகு வளைத்தால் சரியாகிறது. பிறகு ஓரக் குறிப்புகளை வெட்டி எறிந்து, படத்தைச் சிறு ஓடுகளாக்கி ஏற்றினேன். சாக்ரமென்டோ ஓடுபாதை இந்த முறை தன் இடத்தில் உட்கார்ந்தது. ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 42 மீட்டர் என்பதால், ரொம்பவும் கீழே இறங்கினால் எழுத்துகள் கரைந்துவிடும். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

வழியில் கிடைத்த ஒரு சின்னப் பாடம்: சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் 28-ஆம் எண் ஓடுபாதையை உருண்டையில் அளந்தால் திசை ஏறத்தாழ 298 பாகை. ஓடுபாதையின் எண் என்பது காந்த ஊசி காட்டும் திசையைப் பத்தால் வகுத்தது. எண் பொருந்தவில்லையே என்று அக்காள் மகள் மடக்கினாள். விடை வரைபடத்திலேயே ஓடுகிறது, ஊதா கலந்த சிவப்பில் விட்டுவிட்டு வரைந்த கோடாக. அங்கே காந்த ஊசி மெய்வடக்கிலிருந்து 13, 14 பாகை கிழக்கே விலகி நிற்கிறது. அதைக் கழித்தால் 284-ஐ ஒட்டி வரும். அருகிலுள்ள பத்தின் மடங்காக்கி, கடைசிச் சுழியைத் தள்ளினால் 28.

இனி அவளுடைய கேள்வி. மலைகளின்மேல் வரைபடத்தைப் போர்த்திச் சாய்த்துப் பார்த்தால் அழகு அள்ளிக்கொண்டு போகிறது. ஆனால் படிக்க லாயக்கில்லை என்பது என் கருத்து. எழுத்துகள் சரிவில் நெளிகின்றன. அதைவிட மோசம், வானத்தின் எல்லைகள் தரையில் ஊர்கின்றன. விமான நிலையத்தைச் சுற்றிய தடித்த நீலக் கோடு பி வகுப்பு வான்வெளி, அதாவது பெரிய நிலையங்களைச் சுற்றி அனுமதியோடு மட்டுமே நுழையக்கூடிய வானப் பகுதி. கோட்டுக்குள் 100, அதன் கீழே 40 என்றிருந்தால், கூரை கடல்மட்டத்திலிருந்து 10,000 அடி, தளம் 4,000 அடி. நிலையத்தை ஒட்டிய பகுதி தரையிலிருந்தே தொடங்கும். வெளியே போகப் போகத் தளம் படிப்படியாக உயரும். தலைகீழாக நிறுத்திய கோபுரம் என்று சொல்லலாம்.

எஃப்ஏஏ இந்த எல்லைகளைத் தனிக் கோப்பாகவும் தருகிறது. நான் பிடிவாதமாக ஒரு பகுதியைக் கையாலேயே வரைந்து, கூகுள் எர்த் படிக்கும் கேஎம்எல் கோப்பில் எழுதினேன். முதல் நாள் எதுவுமே தெரியவில்லை; அந்தக் கோப்பில் தீர்க்கம் முதலில், அட்சம் அடுத்து, நான் மாற்றிப் போட்டிருந்தேன். அடுத்து உயரத்தைத் தரையிலிருந்து அளக்குமாறு விட்டுவிட்டதால், குன்றுப் பக்கத்து மூலைகள் எழும்பிக் கூரை கோணிக்கொண்டது. கடல்மட்டத்துக்கு மாற்றி, 10,000 அடியை 3,048 மீட்டராக எழுதியதும் சமன்பட்டது. பிறகு பக்கச்சுவர் வேண்டுமென்று தரைவரை நீட்டும் வசதியைப் போட்டேன். தரையில் ஊன்றிய பெரிய நீலப் பெட்டி வந்தது.

"அப்படியென்றால் இதற்கு அடியில் சின்ன விமானம் போக முடியாதா?" என்றாள்.

போகலாம்; அதற்குத்தானே தளத்தை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அந்த வசதி எப்போதும் தரையைத் தொட்டுத்தான் நிற்கும், மிதக்கும் பெட்டியை அதனால் செய்ய முடியாது. ஆகவே தளத்துக்கு ஒரு தகடு, கூரைக்கு ஒரு தகடு, ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு மூலைகள் கொண்ட ஒரு சுவர் என்று தனித்தனியாக அடுக்கினேன். பக்கங்கள் பதினொன்று. கையால் எழுதி நொந்து, கடைசியில் சிறிய பைத்தான் நிரல் ஒன்றிடம் வேலையைத் தள்ளினேன். பாதி ஒளிபுகும் நீலத்தில் பெட்டி அந்தரத்தில் நின்றது. அடியில் ஊர், சாலை, குன்று எல்லாம் தெரிந்தன.

அவள் 3,500 அடியில் ஒரு புள்ளியை வைத்து, உருண்டையைச் சாய்த்துப் பார்த்து, "வெளியே, அடியில்" என்றாள். சரி. அதையே நேராக 4,000 அடிக்கு ஏற்றினாள். புள்ளி தளத் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டது. "இப்போது உள்ளேயா, வெளியேயா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வரையறையைத் தேடிப் படித்தோம்: 4,000 அடியிலிருந்து மேல்நோக்கி, 10,000 அடி உட்பட. அப்படியானால் உள்ளேதான், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி இல்லாமல் அங்கே இருக்க முடியாது. அவள் புள்ளியை 3,900-க்கு இறக்கிவிட்டு, கோப்பைச் சேமித்தாள்.